தேக்கு வந்த வழி, தீர்வை நின்ற இடம்

1845இல் பழனிமலையின் உச்சிப் பரப்பில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் இரண்டு வீடுகள் கட்டினார்கள். சன்னிசைடு ஒன்று, ஷெல்டன் மற்றொன்று. கொடைக்கானலின் கதையை எழுதுவோர் பெரும்பாலும் இந்த இரு வீடுகளிலிருந்துதான் தொடங்குவார்கள். அதற்கு ஓராண்டு முன்பு, 1844இல், சென்னை மாகாணம் முழுவதும் உள்நாட்டுச் சுங்கம் ஒரே சட்டத்தால் ஒழிந்துபோனது. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துச் சொல்வோர் குறைவு. ஒரு கட்டிலோ மேசையோ கடல் கடந்து வந்து மலையேறிய கதையைச் சொல்ல வேண்டுமானால் இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

ஏனென்றால் அதற்கு முன்பு சரக்கு வண்டிக்குப் பெருந்தொல்லை கடலில் இல்லை, சாலையில் இருந்தது. ஆற்றுத் துறையில், கணவாய் வாயில், சந்தை ஊர் எல்லையில் என்று வழிநெடுகச் சுங்கச்சாவடிகள். பலவற்றைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் நடத்தினார்கள். குத்தகைப் பணத்துக்கு மேல் வசூலாவதெல்லாம் அவர்கள் பைக்குள் போகும் என்பதால், வண்டி காத்திருக்கக் காத்திருக்க அவர்களுக்கு லாபம். சுங்கத்தின் பாரம் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு பழையது என்பதற்கு முதலாம் குலோத்துங்கனின் பட்டப்பெயரே சாட்சி. கடல்வழிப் படையெடுப்புகளும் கலிங்க வெற்றியும் அந்தக் குலத்துக்கு எத்தனையோ பெருமைகளைத் தந்திருந்தும், அவன் மக்கள் நாவில் நின்றது ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றுதான்.

வங்காளத்தில் 1836லும் பம்பாயில் 1838லும் நீங்கிய உள்நாட்டுச் சுங்கம் சென்னையில் நீங்க 1844 ஆயிற்று. அதன்பின் சென்னைக் கடற்கரையில் தீர்வை கட்டிய பொருள் மலையடிவாரம்வரை இன்னொரு கைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வரி வாங்கும் இடம் நாட்டின் உள்ளிருந்து விளிம்புக்கு நகர்ந்தது. இந்த நகர்வைத்தான் இக்கட்டுரை பின்தொடர்கிறது. மேசைக்கும் நாற்காலிக்கும் நேர்ந்ததை மரத்தின் தரமோ தூரத்தின் அளவோ தீர்மானித்ததைவிட, அந்தந்தக் காலத்தில் எல்லைக்கோடு எங்கே கிடந்தது என்பதே அதிகம் தீர்மானித்தது.

அதைப் பார்ப்பதற்குக் கவுஞ்சி நல்ல இடம். கொடைக்கானலிலிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர் என்று போகும் சாலையில் சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் மேல்மலைக் கிராமம். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் விளையும் ஊர். அதற்கும் அப்பால் பூண்டி, கிளாவரை. கிளாவரைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் கேரளத்தின் வட்டவடையும் கோவிலூரும். அங்கேயும் பேச்சு தமிழ், விளைச்சல் பூண்டு. பெண் கொடுத்து எடுக்கும் உறவுகள் மலையின் இரு பக்கமும் உண்டு. கிழக்கே பார்த்தால் கடற்கரைச் சுங்கச்சாலையிலிருந்து ஏறிவரும் வழி, மேற்கே பார்த்தால் ஒரு காலத்தில் வேறொரு அரசரின் எல்லை.

முதலில் கிழக்கு வழி.

சென்னைக்கு அப்போது துறைமுகமே கிடையாது. கப்பல் கடலில் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணியே அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலாப் படகுகள் அலையைக் கடந்து போய்ச் சரக்கை இறக்கி வரும். ஆணி அடித்த படகு அந்த அலையின் மோதலில் பிளந்துவிடும், தைத்த படகோ வளைந்து கொடுக்கும். பியானோவும் அலமாரியும் அலைமீது ஏறி இறங்கித்தான் கரைக்கு வந்தன. உப்புநீர் பட்டு மெருகு போனதும், மூட்டு விட்டதும், மொத்தமாகவே மூழ்கியதும் உண்டு. 1860களில் இரும்புத் தூண் பாலம் ஒன்று கடலுக்குள் நீண்டது. துறைமுகக் கட்டுமானம் 1876இல் தொடங்கி, 1881இல் புயலில் சிதைந்து, மறுபடி கட்டப்பட்டு 1890களின் நடுவில்தான் முடிந்தது.

கரையில் சுங்கச்சாலை. அங்கே கேட்கப்பட்ட விகிதங்களின் வரிசையைப் பார்த்தால் பேரரசின் பணப்பை எப்போது காலியானது என்று சொல்லிவிடலாம். 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவை ஈடுகட்ட 1859இல் பொது இறக்குமதித் தீர்வை 10 சதவீதமாகவும், ஆடம்பரப் பொருள்களுக்கு 20 சதவீதமாகவும் ஏறியது. 1864இல் ஏழரையாக இறங்கியது. 1875இல் 5. அதன்பின் லங்காஷயர் ஆலை முதலாளிகளின் நெருக்குதல் வேலை செய்தது. இந்தியாவுக்கு வரும் தங்கள் துணிமீது தீர்வையே கூடாது என்று அவர்கள் கேட்டதன் விளைவாக 1882இல் உப்பு, மது, ஆயுதம் போன்ற சிலவற்றைத் தவிர மற்ற எல்லா இறக்குமதிக்கும் தீர்வை போய்விட்டது. 1894இல் நிதி நெருக்கடியால் 5 சதவீதம் திரும்பி வரும்வரை, பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு நாற்காலி இங்கிலாந்திலிருந்தோ ஆஸ்திரியாவிலிருந்தோ சென்னையில் இறங்க ஒரு தம்படியும் கட்ட வேண்டியிருக்கவில்லை.

இந்தச் சலுகையைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. கொடைக்கானலில் பங்களாக்கள் பெருகிய காலமும் இதுதான். அதே சட்டம் மதுரையிலும் சின்னாளபட்டியிலும் தறி நெய்தவர்களுக்கு எந்தக் காப்பையும் விட்டுவைக்கவில்லை. பங்களாவின் வரவேற்பறைக்கு வந்த வசதிக்கும் தறிக்குழியில் விழுந்த அடிக்கும் ஊற்று ஒன்றே. மலைவாசத் தலங்களின் அழகை வியந்து எழுதும் நூல்கள் இந்தப் பக்கத்தையும் எழுதியிருக்க வேண்டும்.

தீர்வை போனாலும் கப்பல் கூலி இருந்தது. கப்பல்காரருக்கு எடையைவிடச் சரக்கு அடைத்துக்கொள்ளும் இடம்தான் கணக்கு. நாற்காலி என்பது பெரும்பாலும் வெற்றிடம். இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்தவர் ஆஸ்திரியாவில் மரச்சாமான் செய்த மிக்கேல் தோனே. பீச் மரக் கம்புகளை நீராவியில் வளைத்து அவர் 1859இல் வெளியிட்ட 14ஆம் எண் நாற்காலிக்கு ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள் போதும். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். வந்து சேர்ந்த ஊரில் பூட்டிக்கொள்ளலாம். பம்பாயின் ஈரானி ஓட்டல்களில் இன்றும் காணக்கிடைக்கும் வளைமர நாற்காலிகள் அந்த வம்சத்தவை. இப்போது தட்டையான அட்டைப்பெட்டியில் வந்து வீட்டில் பூட்டிக்கொள்ளும் அலமாரிகளுக்கும் இதுவே மூதாதை.

சென்னையிலிருந்து மலைக்கு? 1875இல் மதுரைக்கு ரயில் வந்தபின் சரக்கு அம்மையநாயக்கனூரில் இறங்கியது. கொடைக்கானல் ரோடு என்று இன்று பெயர்ப்பலகை தாங்கும் நிலையம் அதுதான். அங்கிருந்து மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கும் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புவரை. அதற்குமேல் வண்டி ஏறாது. பத்துப் பன்னிரண்டு மைல் செங்குத்துப் பாதை. துரைகளும் துரைசாணிகளும் மட்டக்குதிரையில் அல்லது டோலியில் போனார்கள். சாமான்கள் ஆள் தலையில் ஏறின. ‘கூலி காட்’ என்றே அந்த வழிக்குப் பெயர் விழுந்தது. பெட்டி, கட்டில் சட்டம், இரும்பு அடுப்பு, கண்ணாடி, புத்தக அலமாரி எல்லாம் அந்தத் தலைகள் சுமந்தவை. 1901இல் சூரியனைப் பார்க்கத் தொடங்கிய கொடைக்கானல் வானாய்வகத்தின் கருவிகளுக்கும் அதே பாதைதான். மேஜர் லா அமைத்த மலைச்சாலை முதல் உலகப்போர்க் காலத்தில் திறக்கப்பட்ட பிறகே வத்தலக்குண்டிலிருந்து வண்டி நேராக மேலே போக முடிந்தது. அதுவரைக்கும் கொடைக்கானல் வீடு ஒன்றின் மேசைக்கு மேல் உண்மையான வரி என்றால் அது சுமையாளின் கழுத்துத்தான். எந்தச் சுங்க அட்டவணையிலும் அது ஏறவில்லை.

இத்தனை சாமான்களில் கவுஞ்சிக்கு வந்தது எத்தனை? ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். மேல்மலை விவசாயியின் வீட்டில் பாயும் பரணும்தான் முக்கியம். பரணில் பூண்டு அடுப்புப் புகையில் காயும். அந்தப் பூண்டு பொதிமாடுகளிலும் மட்டக்குதிரைகளிலும் கீழே இறங்கியது. இன்றும் வடுகபட்டிச் சந்தை அதன் பெரிய வாசல். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் மேற்கு வழியில் கவுஞ்சியும் கிளாவரையும் ஒரு சுங்க எல்லையின் ஓரத்திலேயே வாழ்ந்தன. அந்தப்பக்கம் திருவிதாங்கூர். அங்கே புகையிலை அரசின் தனியுரிமை, உப்பு அரசின் தனியுரிமை, ஏலக்காயும் அரசின் தனியுரிமை. தனியுரிமை என்றால் விலை செயற்கையாக உயரும், விலை உயர்ந்தால் மலைப்பாதையில் ராத்திரி நடமாட்டம் இருக்கும். மதுரை மாவட்டத்துக்கும் திருவிதாங்கூருக்கும் இடையில் இருந்த கணவாய்களில் ஏலக்காய் ஒருபக்கமும் புகையிலை மறுபக்கமும் திருட்டுத்தனமாகக் கடந்தன. திவானாக இருந்த டி. மாதவராவ் 1860களில் புகையிலைத் தனியுரிமையைக் கைவிட்டு இறக்குமதித் தீர்வையாக மாற்றினார். 1865இல் பிரிட்டிஷ் இந்தியாவும் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரு வணிக உடன்பாடு செய்துகொண்டன. புகையிலை, உப்பு, அபின், சாராயம் போன்ற சிலவற்றை நீக்கி மற்றப் பொருள்கள் இரு பக்கமும் தீர்வையில்லாமல் போகலாம் என்பது அதன் சாரம்.

அப்படியானால் கவுஞ்சிக்காரர் ஒருவர் வட்டவடைக்குச் சீதனமாக ஒரு மரப்பெட்டி கொண்டுபோனால் தடையில்லை, அதே பெட்டிக்குள் நாலு சேர் புகையிலை இருந்தால் குற்றம். மரத்தை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைத் துழாவுவதுதான் அந்தக் காலத்து எல்லைக் காவலின் வேலை.

அந்த எல்லையைத் தாண்டி இறங்கிய மிகப்பெரிய மரச்சரக்கு மேசையோ நாற்காலியோ அல்ல, தேயிலைப் பெட்டி. மூணாறு திருவிதாங்கூரில் இருந்தாலும் அதன் தேயிலைக்குத் தூத்துக்குடிதான் வசதியான துறைமுகம். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் டாப் ஸ்டேஷன்வரை கொண்டுவந்த பெட்டிகள் கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியாக ரயிலுக்குப் போயின. 1924 பெருவெள்ளம் அந்த ரயிலை அழித்தது. தேயிலையைச் சுமந்த ஒட்டுப்பலகைப் பெட்டிகள் வெகுகாலம் வெளிநாட்டிலிருந்து வந்தன. ஒட்டுப்பலகை இந்தியாவில் ஒரு தொழிலாக வளர்ந்ததே தேயிலைப் பெட்டிக்காகத்தான். நம் நடுத்தர வீடுகளின் அலமாரிகள் எல்லாம் பின்னாளில் அந்தப் பலகையில்தான் செய்யப்பட்டன.

ஆனால் தமிழ்நாட்டில் மரச்சாமானும் எல்லையும் என்று பேச்செடுத்தால், மலையை விட்டுச் செட்டிநாட்டுக்குப் போயே தீரவேண்டும். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் ஆத்தங்குடியிலும் நிற்கும் பெருவீடுகளின் தூண், நிலை, கதவு, ஊஞ்சல் பலகை, பெட்டகம், கட்டில் என்று எதைத் தட்டினாலும் பர்மாத் தேக்கு ஒலிக்கும். அந்தத் தேக்கு வந்த கதைக்குள் ஒரு வரித் தகராறும் ஒரு போரும் இருக்கின்றன.

மேல் பர்மாவின் காடுகளில் தேக்கு வெட்டும் உரிமையைப் பம்பாய் பர்மா வணிகக் கழகம் அரசர் தீபோவிடமிருந்து குத்தகைக்கு எடுத்திருந்தது. வெட்டும் முறைக்கே பொறுமை வேண்டும். பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. அதனால் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையோடு வெட்டி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டு உலரவிட்டு, பிறகு சாய்ப்பார்கள். யானைகள் ஓடைக்கு இழுத்துவரும். மழைவெள்ளம் ஆற்றுக்குக் கொண்டுசேர்க்கும். தெப்பமாகக் கட்டி ரங்கூன்வரை மிதக்கவிடுவார்கள். வெட்டிய மரத்துக்கு எண்ணிக்கைப்படி அரசருக்குப் பணம் கட்ட வேண்டும். 1885 ஆகஸ்டில் மாண்டலே அரசவையான ஹுலுட்டோ, கழகம் மரங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டி அரசரை ஏமாற்றிவிட்டது என்று தீர்ப்பளித்துச் சுமார் 23 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. பிரெஞ்சுக்காரர்கள் பர்மாவில் கால் ஊன்றிவிடுவார்களோ என்று ஏற்கெனவே பதறிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் அரசுக்கு இது போதும். இறுதி எச்சரிக்கை போயிற்று. நவம்பரில் படை ஐராவதி வழியே மேலேறியது. இரண்டு வாரத்தில் மாண்டலே விழுந்தது. தீபோ இந்தியாவின் ரத்னகிரிக்கு நாடு கடத்தப்பட்டார். 1886 ஜனவரி 1 அன்று மேல் பர்மா பிரிட்டிஷ் ஆட்சியோடு இணைக்கப்பட்டது.

மரக்கணக்கில் எழுந்த தகராறு ஒரு நாட்டையே வரைபடத்திலிருந்து நீக்கிவிட்டது. ஒரு அரசு தன் காட்டுக்குரிய காசைக் கேட்டது குற்றமாகிப் போனது இந்தக் கதையின் கசப்பு. அந்தக் கசப்பின் மறுபக்கம்தான் செட்டிநாட்டின் தேக்கு. பர்மா அப்போது இந்தியாவின் ஒரு மாகாணம். ரங்கூனிலிருந்தோ மௌல்மேனிலிருந்தோ தமிழகக் கரைக்கு வரும் தேக்குத் தடி சட்டப்படி இறக்குமதியே அல்ல, கரையோர வணிகம். ஆயிரம் மைலுக்கு மேல் கடல் கடந்து வந்தும் இறக்குமதித் தீர்வை இல்லை. பர்மாவில் வட்டிக்கடைத் தொழிலில் நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்கள் ஈட்டிய பணமும் தீர்வையற்ற அந்தத் தேக்கும் ஒரே காலத்தில் ஊர் திரும்பின. 1894க்குப் பின் வந்த இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியக் கண்ணாடியும் தீர்வை கட்டி வந்தவை. அவற்றுக்குப் பக்கத்தில் நின்ற தூண் கட்டாமல் வந்தது. வெளியூர்ப் பயணிகள் மூன்றையும் சேர்த்து ‘இறக்குமதி’ என்று படமெடுக்கிறார்கள். சுங்க அதிகாரியின் பேரேட்டில் தூணுக்கு இடமில்லை.

இதற்குள் தீர்வையும் ஏறத் தொடங்கிவிட்டது. முதல் உலகப்போர்ச் செலவு 1916இல் பொது விகிதத்தை ஏழரை ஆக்கியது. 1921இல் 11. 1922இல் 15. வெளிநாட்டு மரச்சாமானின் விலை ஏற ஏற, பர்மாத் தேக்கை வாங்கி உள்ளூர்த் தச்சரிடம் ஐரோப்பியப் பாணியில் செய்துகொள்வது இன்னும் லாபமானது. கொடைக்கானல் பங்களாக்களில் சாய்வு நாற்காலியும் எழுதுமேசையும் செய்த தச்சர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. கோயில் தேருக்குச் சட்டம் கோத்த கைகள், துரையின் மேசைக்கு இழுப்பறை பொருத்தவும் பழகிக்கொண்டன.

1937 ஏப்ரல் 1 அன்று கோடு மறுபடி விழுந்தது. 1935 இந்திய அரசுச் சட்டப்படி பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. முதல் சில ஆண்டுகள் இடைக்கால ஏற்பாட்டால் தீர்வையற்ற வணிகம் தொடர்ந்தாலும், முந்தின நாள்வரை உள்நாட்டு மரமாக இருந்தது விடிந்தபோது அயல்நாட்டு மரம். கீழ் பர்மாவில் நெல்வயல்களில் கால்பங்கு அப்போது செட்டியார்களின் கைக்கு வந்திருந்தது. 1930களின் விலை வீழ்ச்சியில் கடன் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலம் அது. நிலம் இழந்தவர்களின் கோபமும் எல்லைக்கோடும் சேர்ந்துகொண்டன.

1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் காடு, மலை வழியாக நடந்தே தப்பினார்கள். வழியில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். அதற்குப்பின் மீண்டும் போனவர்களையும், போகாமல் தங்கியவர்களையும் 1964 அடித்தது. ஜெனரல் நே வின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியது. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. கப்பல் கப்பலாகச் சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் வந்து இறங்கியவர்களிடம் நகை இல்லை, ரொக்கம் இல்லை. அவற்றை ரங்கூன் சுங்கத்தில் பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள் ஏராளம். அடுத்த சில ஆண்டுகளில் வந்தவர்கள் சுமார் மூன்று லட்சம் என்று கணக்கு. அவர்களில் சிலர் சென்னைக் கடற்கரையை ஒட்டிப் போட்ட கடைவரிசையே பர்மா பஜார். தேக்குக் கட்டில் கடல் கடந்து வந்த அதே வழியில், அதைச் செய்ய வைத்தவர்களுக்காக உழைத்தவர்களின் பிள்ளைகள் துணிமூட்டையோடு வந்தார்கள்.

அதே 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 இந்தியத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மிச்சம் 1,50,000 பேரின் கதியைப் பிறகு பேசிக்கொள்வது. 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். உடன்பாட்டில் சொத்து பற்றி ஒரு பிரிவு உண்டு. திரும்புவோர் சேமநல நிதி, பணிக்கொடை உட்படத் தங்கள் சொத்தை எடுத்துவரலாம், ஒரு குடும்பம் எடுத்துவரக்கூடிய உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் குறைக்கப்படாது என்றது அது. மூன்று நான்கு தலைமுறை தேயிலை கிள்ளியவர்களுக்கு எட்ட முடியாத உயரத்தில் இருந்த உச்சவரம்பு அது. லயத்து அறையில் வாழ்ந்த குடும்பத்துக்கு எடுத்துவர என்ன தளவாடம் இருந்திருக்கும்? தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் பெயர் பதிந்தவர்களின் கையில் தகரப் பெட்டிகளும் பாத்திர மூட்டைகளும்தான்.

இவர்களில் பல குடும்பங்கள் மலை வேலையே பழகியவர்கள் என்பதால் நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் வந்து சேர்ந்தன. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் கிடைத்தது. பழனிமலையில் கிடைத்தது வாட்டில் காடு. தோல் பதனிடத் தேவையான பட்டைக்காகவும், செயற்கைப் பட்டு நூலுக்கான மரக்கூழுக்காகவும் மேல்மலைப் புல்வெளிகளில் வாட்டிலும் யூக்கலிப்டஸும் நடப்பட்டிருந்தன. காட்டுக்குள் குடிசை போட்டுப் பட்டை உரித்தவர்கள் ஒப்பந்தக்காரரின் முன்பணத்தில் சிக்கி வெளியே வர முடியாமல் தவித்தார்கள். 1980களில் அது கொத்தடிமைப் பிரச்சினையாகவே வெளியே தெரிந்தது. பர்மாத் தேக்கு தடையின்றி வந்த நாட்டில், தேயிலைத் தோட்டத்து மனிதர்கள் இத்தனை தடைகளைத் தாண்டி வந்து இன்னொருவர் மரத்தின் பட்டையை உரித்தார்கள். இந்த வரலாற்றில் பெருவீடுகளின் தூணுக்குக் கொடுத்த இடத்தைவிட இவர்களுக்கு அதிக இடம் கொடுக்க வேண்டும்.

சுதந்திர இந்தியா வாசலை வேறு விதமாகச் சாத்தியது. அந்நியச் செலாவணி தட்டுப்பாட்டில் 1947ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் நுகர்பொருள்களுக்கு உரிமம் கிடைப்பது அரிதாயிற்று. மரச்சாமானுக்குத் தீர்வை எவ்வளவு என்ற கேள்வியே எழவில்லை, உள்ளே வரவே வழியில்லை. திறந்திருந்தது ஒரு சின்னக் கதவு. வெளிநாட்டில் பல ஆண்டு வாழ்ந்துவிட்டுக் குடித்தனத்தை இங்கே மாற்றிக்கொள்பவர், தாம் புழங்கிய வீட்டுச் சாமானைச் சலுகையோடு கொண்டுவரலாம். ‘குடியிருப்பு மாற்றம்’ என்று சுங்க மொழியில் அதற்குப் பெயர். 2016ஆம் ஆண்டின் பயணச்சுமை விதிகளிலும் அந்தக் கதவு இருந்தது. இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் வெளிநாட்டில் இருந்தவருக்கு 5 லட்சம் ரூபாய் மதிப்புவரை சலுகை. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வீடு திரும்பும் தமிழர்களுக்கு இந்த விதி நன்றாகவே தெரியும். புழங்கிய பொருள் என்பதற்குச் சான்று, எடுத்துவரும் பட்டியல், கடவுச்சீட்டில் தங்கிய நாள் கணக்கு எல்லாம் சரியாக இருந்தால்தான் சரக்குப் பெட்டகம் துறைமுகத்தை விட்டு நகரும். நாள் கடந்தால் துறைமுக வாடகை ஏறிக்கொண்டே போகும்.

வணிகத்துக்கான வாசல் 2001 ஏப்ரல் 1 அன்று திறந்தது. உலக வணிக அமைப்பின் தகராறில் தோற்றபின் இந்தியா கடைசி 715 பொருள்களின்மீது இருந்த அளவுக் கட்டுப்பாட்டை அன்று நீக்கியது. உரிமத்தின் இடத்தைத் தீர்வை பிடித்துக்கொண்டது. மரச்சாமானுக்கு 10 சதவீதமாக இருந்த அடிப்படைத் தீர்வை 2018 வரவு செலவுத் திட்டத்தில் 20 ஆனது, 2020இல் 25. ஐதராபாத்தில் சுவீடனின் ஐக்கியா முதல் இந்தியக் கடையைத் திறந்ததும் அதே 2018தான்.

அந்த 25 எப்படி வளர்ந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் மதிப்புள்ள மேசை ஒன்று 2020இல் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியதாகக் கொள்வோம். அடிப்படைத் தீர்வை 25,000. அந்தத் தீர்வைமீது 10 சதவீதம் சமூகநல மேல்வரி, 2,500. இப்போது கணக்கு 1,27,500. இதன்மீது 18 சதவீதம் ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி, 22,950. மொத்தம் 50,450 ரூபாய் வரி. தீர்வைமீதும் வரி ஏறியதால்தான் காகிதத்தில் 25 என்று பார்த்தவருக்குக் கையில் பாதி விலை போனது. மேசையாக வராமல் வெட்டிய தடியாக வந்தால் அடிப்படைத் தீர்வை மிகக் குறைவு. தச்சுவேலை இங்கே நடக்க வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்றத்தாழ்வு அது. தூத்துக்குடித் துறைமுகத்தில் வெளிநாட்டுத் தேக்குத் தடிகள் குவிவதற்கு அதுவும் ஒரு காரணம். மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் தடி ஏற்றுமதியையே தடை செய்துவிட்டதால், அவற்றில் பல இப்போது ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் வருகின்றன.

வெளியே போகும் பக்கமும் பூட்டு உண்டு. பர்மா வருமானம் நின்றபின் பராமரிக்க முடியாத செட்டிநாட்டு வீடுகள் இடிந்து, அவற்றின் தூணும் கதவும் பெட்டகமும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. வெளிநாட்டுப் பயணிகள் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டைத் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யக்கூடாது. நூறு ஆண்டுக்கு உட்பட்டது என்று தொல்லியல் துறையின் சான்று கேட்கப்படலாம். ஒரு காலத்தில் அயல்மரமாகக்கூடக் கருதப்படாமல் உள்ளே வந்த பர்மாத் தேக்கு, நூறு வயதானதும் நாட்டின் சொத்தாகி வெளியேற முடியாமல் நிற்கிறது. தூணை இழந்த வீட்டுக்காரருக்கு விற்ற காசு கைக்கு வந்தாயிற்று, ஆனால் ஊர் தன் வீடுகளை இழந்துகொண்டிருக்கிறது. சட்டம் பெட்டகத்தைக் காக்கிறது. வீட்டைக் காக்க ஒரு ஏற்பாடு வேண்டும்.

மேல்மலைக்கு இனி எந்த மேசையும் சிரமமில்லாமல் ஏறும். 2017 ஜூலை 1 அன்று சரக்கு சேவை வரி வந்தபின் மாநில எல்லைகளில் இருந்த விற்பனைவரிச் சாவடிகள் மூடப்பட்டன. குமுளியிலும் போடிமெட்டிலும் லாரிகள் ரசீதோடு வரிசை கட்டி நின்ற காலம் முடிந்தது. கடையில் வாங்கிய புதுச் சாமானுக்கு மின்வழிச் சீட்டு போதும். வீட்டில் புழங்கிய பழைய சாமானுக்கு அதுவும் வேண்டாம் என்று விதியிலேயே விலக்கு இருக்கிறது.

இறங்குவதுதான் கஷ்டம். கவுஞ்சிக்காரர் தன் பட்டா நிலத்தில் தானே வளர்த்த மரத்தை வெட்ட நினைத்தால், 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். வெட்டிய மரத்தைக் கீழே கொண்டுபோக, 1968 மரப் போக்குவரத்து விதிகளின்கீழ் வனத்துறையின் பயணச்சீட்டும் மரத்தின்மேல் சுத்தியல் முத்திரையும் தேவைப்படலாம். சோலைகளும் புல்வெளிகளும் அழிந்த மலையில் இந்தக் காவல் தேவையானதே. ஆனால் விண்ணப்பம் எழுதி, திண்டுக்கல்லுக்கும் கொடைக்கானலுக்கும் அலையும் செலவு பெரிய தோட்டக்காரருக்கும் கால் ஏக்கர் பூண்டுக்காரருக்கும் ஒன்றாகவே இருக்கிறது. மன்னவனூர்ப் பகுதியிலேயே வாரம் ஒருநாள் வனத்துறையும் வருவாய்த்துறையும் உட்கார்ந்து இந்த விண்ணப்பங்களை வாங்கினால், மகளுக்குக் கட்டில் செய்ய ஒரு மரம் வெட்டும் விவசாயிக்கு இரண்டு நாள் கூலியாவது மிஞ்சும்.